ஒன்பது கிரீன்களுக்கும் சமமாக

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பைபிளின் மேல் கை வைத்துச் சொல்லத்தான் வந்தேன். யாரம்பூல் காவல் நிலையத்துப் பைபிளை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்ததால், சார்ஜன்ட் டோஹர்ட்டி, நீங்கள் நீட்டிய தொலைபேசிப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறவர். அவ்வளவு நேரம் எனக்குக் கிடையாது என்பதால் என் கைப்படவே எழுதித் தருகிறேன். பெயர் ஆல்வின் ட்ரெம்பாத். வயது அறுபத்தெட்டு. யாரம்பூல் கோல்ஃப் கிளப்பில் முப்பத்தொரு வருஷமாகப் புல்தரைப் பராமரிப்பு. தேதி மார்ச் பதினாறு, புதன்கிழமை.

புல்லுக்கும் மூச்சு முட்டும். கோல்ஃப் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, மீதிப் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. கொடியும் குழியும் இருக்கிற அந்த வழவழப்பான புல்வட்டத்தைத்தான் கிரீன் என்கிறோம். வருஷம் முழுக்க அதன் மேல் மிதிமிதியென்று மிதித்தால் அடிமண் இறுகிச் செங்கல்லாகிவிடும். தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது, வேர் அழுகும். ஆகவே நம் ஆஸ்திரேலியாவில் கோடை ஓய்ந்து மண்ணில் சூடு மிச்சமிருக்கிற மார்ச்சில், விரல் பருமனுக்கு, மூன்று அங்குல ஆழத்துக்கு, நெருக்கமாகத் துளை போட வேண்டும். வெளியே வருகிற மண் உருளைகளைக் கூட்டி அள்ள வேண்டும். துளைகளில் மணல் நிரப்பி, விதை தூவி, லேசாக நனைத்து, மூன்று வாரம் ஒரு மனிதனும் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் பிறந்து மண் ஆறிவிட்டால் விதை முளைக்காது. நான் கேட்டதெல்லாம் இந்த மூன்று வாரம்தான்.

துளை போட்ட வருஷங்களில் எனக்குக் கிடைத்த மரியாதையையும் பதிவு செய்கிறேன். மதுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நோரீன் விக்கரி எனக்குத் தேநீர் ஊற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"என்ன ஆல்வின், கிரீனுக்கு அம்மை போட்டுருச்சா? மருந்துக்குப் பதிலா மணலைத் தடவி வச்சிருக்க?"

பல் டாக்டர் அதற்கும் மேல். "நான் அடிச்ச பந்து நேராத்தான்யா போச்சு. உன் ஓட்டைதான் அதைக் கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிருச்சு" என்பார். தினமும் அடுத்தவர் வாயில் துளை போடுகிற மனிதர் இதைச் சொல்கிறார். 'ஐந்தாவது கிரீனை உழுதிருக்கிறார்கள், உருளைக்கிழங்கு எப்போது கிடைக்கும்' என்று புகார்ப் புத்தகத்தில் எழுதியிருப்பது உங்கள் கையெழுத்து, சார்ஜன்ட். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பக்கம் நாற்பத்தேழு.

இப்போது கேப்டன் லயனல் ப்ரிட்சர்ட். செம்மறி ஏலம் விட்டு ஓய்வு பெற்றவர், மணமாகாதவர். அவர் குரல் ஒன்றாவது கிரீனில் எழுந்தால் ஒன்பதாவது கிரீனில் கங்காரு தலை தூக்கும். அவர் கிளப் கேப்டனான நாளிலிருந்து துளை போடும் இயந்திரம் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. முதல் வருஷம் பக்கத்து ஊர்க்காரர்களோடு போட்டி. இரண்டாம் வருஷம் மாவட்டத் தலைவர் ஆட வருகிறார் என்றார். அவர் வந்தார், மூன்று குழி ஆடிவிட்டு இறைச்சிப் பணியாரம் சாப்பிடப் போய்விட்டார். மூன்றாம் வருஷம் கேப்டனுக்கு முதுகுவலி.

"முதுகு சரியாகி நான் ரெண்டு ஆட்டம் ஆடிடறேன், ஆல்வின். அப்புறம் நீ ஆழ்துளைக் கிணறே போட்டுக்க."

முதுகு மே மாதம் சரியானது.

போன குளிர்காலத்தில் கிரீன்களில் தண்ணீர் தேங்கியது. பாசி படர்ந்தது. ஆறாவது கிரீன் நனைந்த செய்தித்தாள் மாதிரி ஆகி, ஜூலையில் செத்தது. நான் அதன் ஓரத்தில் உட்கார்ந்து விரலால் கிளறிப் பார்த்தேன். வேர் அரை அங்குலம் கூட இல்லை. நிர்வாகக் குழு கூடி ஒரு தீர்மானம் போட்டது. இன்னும் ஒரு கிரீன் செத்தால், ஒன்பதையும் சுரண்டி எடுத்துவிட்டு மணலைக் கொட்டி, கார் எஞ்சினிலிருந்து வடிக்கிற கழிவு எண்ணெயைக் கலந்து சமப்படுத்திவிடுவது. மழை பெய்யாத ஊர்களில் அப்படித்தான் ஆடுகிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஒன்பதையும் நான் முழங்காலில் நின்று நட்டேன். அவற்றின் மேல் கழிவு எண்ணெய் ஊற்றவும் என்னைத்தான் சொல்வார்கள்.

இந்த வருஷம் மார்ச் முதல் வாரமே கேட்டேன். நாலாவது கிரீனில் அவர் பந்தைக் குழிக்குள் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஈஸ்டர் கோப்பை முடியட்டும்."

"ஈஸ்டர் ஏப்ரல்ல வருது, லயனல். மண்ணு ஆறிடும்."

"ஆறினா கம்பளி போத்தி விடு. நாலு வருஷமா இதே பாட்டு. எல்லாம் புல்லுதானே."

"செத்துடும்."

"செத்தா எண்ணெய் இருக்கு."

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

போன புதன்கிழமை காலை ஒன்பது மணி. கொடிக்குழி வெட்டுகிற கருவி என் கையில் இருந்தது. நாலேகால் அங்குல வட்டத்தில் கூரான இரும்பு, வாரம் ஒருமுறை தீட்டுவேன். கேப்டன் குனிந்து, பந்து போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு அடிதான். அவருடைய கவனம் முழுக்கப் பந்தில் இருந்ததால் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. பந்து உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது. அந்தக் குழியை நியாயமாக அவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

யூகலிப்டஸ் கிளைகளை அரைக்க எங்களிடம் ஒரு இயந்திரம் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேப்டனின் காலணியைக் கழற்றிவிட்டேன், அதில் உள்ள ஆணிகள் கத்தியை மழுக்கும். பிறகு மணலோடும் இலைமக்கோடும் சேர்த்து இரண்டு முறை சலித்தேன். ஒன்பது பங்கு, பங்குக்குப் பதினொன்றரைக் கிலோ சொச்சம். ஒரு கிரீனுக்குக் கூடுதல், இன்னொன்றுக்குக் குறைவு என்று போட்டால் புல் திட்டுத் திட்டாக வளரும். முப்பத்தொரு வருஷத்தில் என் மேல் அப்படி ஒரு குறை வந்ததில்லை, கேப்டன் விஷயத்தில் மட்டும் வரவிட மனமில்லை. மேல்புல்லைப் பாய் மாதிரி சுருட்டி, அடியில் சமமாகப் பரப்பி, திரும்ப விரித்துவிட்டேன். பயிற்சிக் கிரீனுக்குக் கொடுக்கவில்லை. அதில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

நேற்று உங்களிடம் வாயால் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஆல்வின், நெசமாவா? லயனலையா?"

"அவர் வீட்டு வாசல்ல ஒரு வாரப் பேப்பர் கிடக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள்.

"ஒன்பதையுமா தோண்டணும்?"

"எட்டு போதும்னா எதை விடறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"ஏழாவதை விட்டுடலாமான்னு பாத்தேன். அதுல மட்டும்தான் எனக்குப் பந்து ஒழுங்கா விழும்."

ஏழாவதிலும் பதினொன்றரைக் கிலோ இருக்கிறது, சார்ஜன்ட். மன்னிக்கவும்.

தடயம் தேடுகிற ஆட்கள் நகரத்திலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். அவர்களுக்குச் சில குறிப்புகள். மண்வெட்டி வேண்டாம். அவ்வளவு பொடியாக இருப்பதை மண்வெட்டி கலைத்துவிடும். கொட்டகையில் துளை போடும் இயந்திரம் இருக்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, குழல்களை ஞாயிற்றுக்கிழமைதான் தீட்டி வைத்தேன். மூன்று அங்குல ஆழம், இரண்டு அங்குல இடைவெளி. அதற்கு மேல் இடைவெளி விட்டால் கேப்டனின் முக்கியமான பாகம் ஏதாவது தப்பிப்போகும். வெளியே வருகிற மண் உருளைகள் எல்லாவற்றையும் ஆய்வுக்கு எடுத்துப் போகலாம், திருப்பித் தர வேண்டாம்.

துளைகளைத் திறந்தபடி விட்டால் மழைத்தண்ணீர் இறங்கி மிச்சத் தடயம் கெடும். ஆகவே மணல் போட்டு நிரப்பிவிடுவது நல்லது. கொட்டகைக்குப் பின்னால் கழுவிய மணல் குவித்திருக்கிறேன். மணல் காற்றில் பறக்காமல் பிடித்து நிறுத்த விதை தூவலாம், மூட்டைகள் அலமாரியில் இருக்கின்றன. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பூப்போலத் தண்ணீர் தெளித்தால் போதும். வெள்ளைக் கிளிக்கூட்டம் வந்து முளையைப் பிடுங்கும், பிடுங்கினால் தடயமும் கூடவே போகும். ஆகவே ஒரு காவலரை விசிலோடு நிறுத்தவும்.

ஒன்பது கிரீன்களைச் சுற்றியும் உங்கள் மஞ்சள் நாடாவைக் கட்ட வேண்டும். மூன்று வாரத்துக்கு யாரும் உள்ளே வரக் கூடாது, பல் டாக்டரும் சேர்த்துத்தான். சட்டம் உங்களுக்குத் தெரியும், நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷமாக என் கயிற்றைத் தாண்டியவர்கள் எல்லோரும் உங்கள் நாடாவுக்குக் கட்டுப்படுவார்கள் என்று நினைக்கிறேன். அதை நினைத்தால் கொஞ்சம் வயிறு எரிகிறது.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. கடிதம் எழுதினேன், கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன், செத்த வேரைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் குழுவின் மேஜையில் காட்டினேன். நோரீன் அதை மிச்சச் சாப்பாடு என்று நினைத்துக் கொட்டிவிட்டாள். மூன்று வருஷத்தை இப்படிப் போக்கியதில் வருத்தம் உண்டு. மற்றபடி லயனல் ப்ரிட்சர்டைக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. என்னை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். அடைத்து வைக்கப்போகிற அறையின் ஜன்னல் மைதானத்தின் பக்கம் இருந்தால் வசதி.

(ஒப்பம்) ஆ. ட்ரெம்பாத்

இணைப்பு. மார்ச் முப்பத்தொன்று, ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்.

ஒன்பதிலும் பச்சை தட்டிவிட்டது என்று இன்று காலை நீங்களே வந்து சொன்னீர்கள். ஏழாவது முந்திக்கொண்டது என்று சொல்லும்போது உங்கள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆகவே அன்றைக்கு எழுத விட்டுப்போன ஒரு தகவலைச் சேர்த்துக்கொள்ளவும். மேலே உள்ள வாக்குமூலத்தைக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, டாஸ்மேனியாவின் தெற்குக் கரையிலிருந்து கேப்டன் போட்ட தபால் அட்டை ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது: மீன் நன்றாகக் கடிக்கிறதாம், கிளப்பில் யாரிடமும் மூச்சு விட வேண்டாமாம், ஈஸ்டருக்கு வந்துவிடுவாராம், அதுவரை ஒரு கிரீனையும் நான் தொடக் கூடாதாம்.