அட்டைக்கு ஒரு கும்பிடு

தேயிலை மலைக்கு ஏறும் எல்கடுவ பஸ்ஸில் ஊன்றுகோலை மடியில் கிடத்தியிருந்த இளம்பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“அட்டைக்குத்தான் கும்பிடு போடணும்க்கா.”

“என்னடி பேசுற?”

“கொழுந்தெடுக்கப் போறப்ப அட்டை ஏறாம இருக்க காலுக்கு சவுக்காரம் பூசுவோமே, அன்னைக்கு மறந்துட்டேன். முழங்காலுக்குப் பின்னாடி அட்டை கடிச்சிருச்சு. பிச்சுப் போடத் தடவுனப்பதான் கட்டி கையில பட்டுச்சு. யாருக்கும் லேசுல வராத கேன்சராம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உசிரே போயிருக்கும்னாங்க. ஒரு காலோட போச்சு.”

“இன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒன்னும் இல்லையாம்க்கா, சுத்தமா இருக்காம். திங்கக்கெழமையிலருந்து புள்ளைக் காம்பராவுல சின்னதுங்களப் பாத்துக்கிற வேலை.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மழைக்கு அங்கயும் அட்டை வரும். மறக்காம சவுக்காரம் பூசிக்க.”

“வேணாம்க்கா. இருக்கிற காலுல ஏறுனா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போகட்டும்.”