திரும்பி வர்ற கல்லுங்க

...அங்க வைக்காதீங்க தம்பி, அது நேத்து வந்த குவியல். உங்க கல்லை இந்த ஓரமா வைங்க. இந்த ஃபாரத்தை நிரப்புங்க. பேரு, ஊரு, எங்க எடுத்தீங்க, எப்ப எடுத்தீங்க. பேனா எழுதாது, உதறிக்கங்க.

நீங்களாவது எடுத்துட்டுப் போன கல்லை நேர்ல திருப்பிக் கொண்டாந்தீங்க. மத்தவங்கல்லாம் தபால்ல அனுப்புறாங்க. தபால்காரர் கிளைவ் முதுகு புடிச்சுப்போய்ப் படுத்திருக்காரு. கங்காரு மேல வண்டியை விட்டப்பகூட அவருக்கு ஒண்ணும் ஆகல. இந்தப் பூங்கா ஆபீஸுக்குக் கல்லு சுமந்துதான் முதுகு போச்சு.

கூடவே வர்ற லெட்டரைப் படிக்கணுமே நீங்க. ஜெர்மனியில ஒருத்தரு, கல்லு எடுத்துட்டுப் போன நாள்லேருந்து மாமியார் வீட்டைவிட்டுக் கிளம்பலையாம். அடிலெய்ட்ல ஒரு பல் டாக்டருக்கு அவரு பல்லே விழுந்துருச்சாம். இங்கிலாந்து லீட்ஸ்ல ஒரு அம்மா, கோழி முட்டை போடலைன்னு நாலு பக்கம். கோழிக்கு என்ன வயசுன்னு மட்டும் எழுதல. ஒருத்தர் பாத்ரூம் டைல்ஸ் அனுப்பியிருக்காரு தம்பி... எதுக்கும் இருக்கட்டும்னு.

எல்லாத்தையும் மேட்டுலயே திரும்பப் போட்டுடலாமேன்னு பாக்குறீங்க. முடியாது. அந்த வத்துன ஏரிக்கரை மணல்மேட்டுல எங்க பழங்குடி ஆளுங்க நாப்பதாயிரம் வருஷமா வாழ்ந்து, சமைச்சு, செத்துப் பொதைஞ்சு கெடக்காங்க. கல்லு கெடந்த எடத்துல கெடந்தாத்தான் அவங்க கதையைச் சொல்லும். எடம் மாத்திப் போட்டா பொய் சொல்ற மாதிரி. எடுத்த எடம் யாருக்கும் ஞாபகமில்ல, அதனால எல்லாம் ஷெட்டுல. ஷெட்டு நெறைஞ்சு, ஜீப்பு வெளிய வெயில்ல நிக்குது.

சாபமா? எங்க பெரியவங்க யாரும் அப்படிச் சொன்னதில்ல தம்பி. அது... நான் சொன்னது.

பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆளு பக்கெட்டுல கல்லு அள்ளிக்கிட்டிருந்தாரு. தோட்டத்துக்காம். சட்டம் சொன்னேன், சிரிச்சாரு. எங்க ஆளுங்க எலும்பு கெடக்கிற மண்ணுன்னேன், அப்பவும் சிரிச்சாரு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன், மூணு மாசத்துல உங்க வீட்டுக் கூரை ஒழுகும்னு. பக்கெட்டைக் கவுத்துட்டு ஓடினாரு. ஓடினவரு சும்மா இருந்தாரா, இந்தக் கல்லுக்குச் சாபம்னு உலகம் பூரா சொல்லிட்டாரு.

ஆனா போன வருஷம் ஒரு பார்சல். உள்ள அரைக்கிற கல்லு. புல்லுவிதை அரைச்சு அரைச்சு நடுவுல வழவழன்னு பள்ளம். அம்பது வருஷம் முந்தி அப்பா எடுத்ததுன்னு, எடுத்த எடத்தை மேப்புல குறிச்சு, சாபத்துக்குப் பயந்து மக அனுப்பியிருந்தா. எங்க டெல்மா பெரியம்மா அந்தப் பள்ளத்துல உள்ளங்கையை வச்சாங்க.   அன்னைக்கே கொண்டுபோய் அந்த எடத்துல வச்சோம். திரும்பி வர்றப்ப எங்கூட வேலை பாக்குற டரில் சொன்னான், வெர்னா, அந்தச் சாபம் பொய்னு மட்டும் யார்கிட்டயும் ஒத்துக்காதேன்னு.

உங்ககிட்டதான் மொத தடவையா சொல்றேன். ஏதோ நல்ல மொகமா இருந்தீங்க...

ஏன் தம்பி ஃபாரத்தைக் கிழிக்கிறீங்க? கல்லை ஏன் பையில போடுறீங்க? தம்பி, நில்லுங்க... மத்த கல்லு எப்படியோ, உங்க கல்லுக்கு நெஜமாவே சாபம் உண்டு.