வீட்டுக்குச் சொல்லாதே என்றவளுக்காக எட்டாண்டு போராடிய டோரதி அம்மையாருக்கு

இராயபுரம் ஈன்ற இணையிலாப் பெருந்தகையே! கன்னம் வீங்கிக் கண்ணீரோடு வந்தோரைக் கதவருகே போய்க் கைப்பிடித்து அழைத்துவந்த கருணையே! துறைமுகம் தொடங்கி எண்ணூர் ஈறாகத் தேம்பிய குரல்களுக்கெல்லாம் துணைநின்ற தூயவரே! எங்கள் குடும்ப நல ஆலோசனை மையத்தில் முப்பத்தோராண்டு அமர்ந்த நாற்காலியை விட்டு இன்று எழுந்து செல்லும் மூத்த ஆலோசகர் டோரதி அம்மையீர்! வணக்கம்.

இதற்கு மேல் புகழ்ந்தால், "போதும்ப்பா, டீ ஆறிப் போவுது" என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம் உங்களை விட்டுவிட்டு அவையோரிடம் பேசுகிறோம். எங்கள் எழுத்தர் கோதண்டம் முதலில் எழுதிவந்த மடலில், 'எண்ணற்ற இல்லங்களில் விளக்கேற்றினார்' என்று இருந்தது. படித்துப் பார்த்தோம். அதை வாசிக்க யாருக்கும் வாய் வரவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, டோரதி அம்மா பட்ட பாட்டை உள்ளபடி எழுதியிருக்கிறோம்.

ஒன்பதாண்டுக்கு முன் ஒரு முற்பகலில் எர்ணாவூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். மகிழினி என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு வயது. இடது காது வீங்கியிருந்தது. எங்கள் படிவத்தில் முதல் கட்டம் 'கணவர் பெயர்'. டோரதி அம்மா பேனாவைத் திறந்துகொண்டு அதைத்தான் கேட்டார்.

"வூட்டுக்காரரு பேரு இன்னாம்மா?"

"அதெல்லாம் யாரும் இல்லக்கா. நானும் ஒரு பொண்ணும் புருசன் பொண்டாட்டி மாறி ஒண்ணா வாய்றோம். மூணு வருசமா. அவதான் அடிக்கிறா."

டோரதி அம்மா இப்படியொன்றை அதுவரை கேட்டதில்லை. அதை எழுதப் படிவத்தில் இடமும் இல்லை. 'தோழியருக்குள் தகராறு' என்று ஓரத்தில் கிறுக்கினார். மணமாகாத பெண் யார் வந்தாலும் உடனே தாயை வரவழைத்து ஒப்படைத்துவிடுவது எங்கள் மையத்தின் வழக்கம். ஒப்படைத்தால் 'சுமுகமாக முடிந்தது' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அவர் போனை எடுத்ததும் மகிழினி எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாக்கு மட்டும் சொல்லாதக்கா. சொன்னா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியாது."

வருகிற பெண்களெல்லாம் இப்படித்தான் சொல்வார்கள், அம்மா வந்ததும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்பது டோரதி அம்மாவின் அனுபவம். அந்தத் தைரியத்தில் தாயிடம் போனில் பேசிவிட்டார், யாரோடு வாழ்கிறாள் என்பதையும் சேர்த்து. எம்.கே.பி. நகரிலிருந்து தாயும் மாமனும் ஆட்டோவில் வந்தார்கள். மகிழினி அழவில்லை. எழுந்து அவர்கள் பின்னால் போனாள்.

மூன்று மாதம் கழித்து, மனசு கேட்காமல், டோரதி அம்மா அந்த வீட்டைத் தேடிப் போனார். தாய் கதவை முழுதாகத் திறக்கவில்லை. "கட்டிக் குட்த்துட்டோம். நல்லாத்தான் கீறா. நீ இன்னொரு தபா வராதம்மா" என்றாள். எந்த ஊரில் என்று சொல்லவில்லை.

மறு ஆண்டு, ராயபுரம் ஸ்டேஷனில் வந்து நின்ற ரயிலின் ஜன்னலோரத்தில் மகிழினியே உட்கார்ந்திருந்தாள். கையில் மாவுக்கட்டு. "இன்னாடி அங்க பார்வ?" என்று பக்கத்தில் இருந்த புருஷன் அவள் பின்மண்டையில் அடித்தான். டோரதி அம்மா ஜன்னலருகே ஓடினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடிப்பவன் இப்போது கணவன்; எங்கள் படிவத்தின் எல்லாக் கட்டமும் அவளுக்குப் பொருந்தும். ஆனால் இனி எந்த நம்பிக்கையில் எங்கள் படியேறுவாள்? "நான்தான் புட்ச்சிக் குட்த்தேன்" என்று டோரதி அம்மா எங்களிடம் வந்து அழுதார்.

அதன்பின் அவர் சும்மா இருக்கவில்லை. பெண்ணோடு வாழும் பெண், ஆணோடு வாழும் ஆண், திருநங்கை, பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி என்று ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து கேட்டார். 'அடிப்பதை வெளியே சொன்னால் உன் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்' என்றே பல பேர் மிரட்டப்படுவதைத் தெரிந்துகொண்டார். தெரிந்ததைப் பயிற்சி வகுப்பாக நடத்தினார். முதல் வகுப்பு எங்களுக்குத்தான். சிரித்தோம். சிரித்தவர் யார் யார் என்று இங்கே எழுதினால் கீழே கையெழுத்துப் போடப் பாதிப் பேர்கூடத் தேறமாட்டோம். வெளியே நடத்திய வகுப்பொன்றில் ஓர் அதிகாரி, "ஆம்பள அடிச்சா கேசு. ரெண்டு பொம்பள அட்ச்சிக்கினா அது கொயாயடி சண்ட" என்றார். சபை கைதட்டியது. டோரதி அம்மா விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

அவர் கேட்டது மூன்றுதான். படிவத்தில் 'கணவர் பெயர்' போய் 'அடிப்பவர் யார்' என்று வர வேண்டும். வந்தவர் சம்மதமில்லாமல் அவர் வீட்டுக்குத் தகவல் போகக் கூடாது. இப்படி அடிபட்டு வருகிறவர்களும் தங்க ஓரிடம் வேண்டும். முதலாவது எட்டாண்டாகப் பரிசீலனையில் இருக்கிறது. இரண்டாவதை நாங்களாக, தாமதமாக, கற்றுக்கொண்டோம். மூன்றாவதற்கு எந்த விடுதியும் கதவு திறக்கவில்லை. "மத்த பொண்ணுங்க கெட்டுப் போவாங்க மேடம்" என்றது ஒரு விடுதி. திருநங்கை ஒருவரை ஆண்கள் விடுதிக்கு அழைத்துப் போகச் சொன்னது இன்னொன்று. கடைசியில் டோரதி அம்மா தம் வீட்டு உள்ளறையையே ஒழித்துக் கொடுத்தார். அவர் கணவர் இன்னாசி அண்ணன் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு, "எம் வூட்ல நான்தாம்மா வாடகைக்குக் கீறேன்" என்று கிண்டல் செய்வார். ஆனால் ஓர் அறையில் எத்தனை பேரை வைத்துக் காப்பாற்றுவது?

அம்மையீர், இனி உங்களிடமே பேசுகிறோம். நேற்று, நீங்கள் கடைசிக் கோப்புகளை ஒப்படைக்கப் போயிருந்தபோது, எர்ணாவூரிலிருந்து ஒரு திருநம்பி வந்தார். அண்ணன் அடித்ததில் உதடு கிழிந்திருந்தது. எங்களில் ஒருத்தியான ரூபினா நீங்கள் கற்றுக்கொடுத்தபடியே நடந்தாள். 'கணவர் பெயர்' கட்டத்தை அடித்துவிட்டு, அடிப்பவர் யார் என்று கேட்டாள். அவர் சொன்ன பெயரிலேயே அவரைக் கூப்பிட்டாள். வீட்டுக்குப் பேசவில்லை. எல்லாம் முடிந்த பின் அவர் கேட்டார்:

"அப்ப நான் இன்னிக்கு எங்கக்கா போறது?"

ரூபினா எங்களைப் பார்த்தாள். முப்பத்தோராண்டாக நடக்கும் மையத்தில் பதினோரு பேர், அந்தப் பிள்ளைக்கு ஓரிடம் சொல்ல வக்கில்லாமல் நின்றோம். இப்போது அவர் ரூபினா வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கிறார். வீட்டு உரிமையாளர் நாளை வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டார்.

ஓய்வு பெறுவோரை நலமாய் நெடுங்காலம் வாழச் சொல்வார்கள். அம்மையீர், உங்கள் கால்வலி தீர வேண்டும், உங்கள் மூச்சு சீராக வேண்டும், நூறு வயது தாண்டியும் நீங்கள் நடமாட வேண்டும் என்று நாங்களும் கெஞ்சுகிறோம். இதில் எங்கள் சுயநலமும் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு அந்தத் திருநம்பி உங்கள் வீட்டுக்கு வருகிறார். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் விலாசத்தைக் கொடுத்துவிட்டோம்.

இங்ஙனம்,
தலைகுனிந்து கையொப்பமிடும்
மையப் பணியாளர் பதினொருவர்,
இராயபுரம்