இலவசப் பூட்டுப் பரிசோதனை

பத்திரிகைக்காரர்களுக்குக் காலை பதினொரு மணிக்கு முன்னால் போன் செய்யக் கூடாது. எழுந்திருக்க மாட்டார்கள், எழுந்திருந்தாலும் மனிதர்களாக இருக்க மாட்டார்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரைதான் நல்ல நேரம். ஏன் பதினொன்றேகால் என்று கேட்டீர்களே இன்ஸ்பெக்டர் சார், அதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

என் தொழில் மக்கள் தொடர்பு. ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் பதினாறு வருடம் இருந்தேன். பிறகு ஆட்குறைப்பு வந்தது. அந்த அறிவிப்பை எழுதிக் கொடுத்தவனே நான்தான். 'புதிய பாதையில் நம் பயணம்' என்று தலைப்பு வைத்தேன். முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பயணம் போகிறவர்களில் நானும் ஒருவன் என்பதைச் சாயங்காலம்தான் சொன்னார்கள்.

என் மனைவியின் தம்பி பூட்டுக்கடை வைத்திருக்கிறான். சாவி வெட்டுவான், பூட்டு மாற்றுவான், உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து வெளியே விடுவான். நல்ல வேலைக்காரன். நல்ல வேலைக்காரர்கள் எல்லோரையும் போல அவன் கடைக்கும் ஆள் வராது. கடையின் பின்பக்கம் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். கடைப் போனை என் கையில் எடுத்துக்கொண்டேன்.

"மக்களே வராத கடைக்கு எதுக்குங்க மக்கள் தொடர்பு?" என்று என் மனைவி கேட்டாள். எங்கள் வீட்டில் நகைச்சுவை உணர்வுக்குப் பஞ்சமில்லை.

முதல் செய்தி தானாக வந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று படுக்கையறைக்குள் தாழ் போட்டுக்கொண்டுவிட்டது. மச்சினன் போய் ஆறு நிமிடத்தில் திறந்தான். மாடியில் குடியிருந்தவர் ஒரு நிருபர். மறுநாள் பேப்பரில் மச்சினன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மூன்று வாரம் போன் ஓயவில்லை. நாலாவது வாரம் ஊர் எங்களை மறந்தது. ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. பூட்டுக்கடை திறந்திருப்பது செய்தி இல்லை. கதவு திறக்காமல் போனால்தான் செய்தி.

அப்போதுதான் 'இலவசப் பூட்டுப் பரிசோதனை' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தேன். வீடு வீடாகப் போய்ப் பூட்டுகளைப் பார்த்து, ஒரு படிவத்தில் குறித்துக் கொடுப்பது. மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தான், நாலு பேருக்கு நல்லது பண்ணணும்னு உங்களுக்குத்தான் தோணுது," என்றான். பரிசோதனைக்கு நானே போனேன். அதன்பின் ஒரு இசை டீச்சர் தன் அறைக்குள் மாட்டிக்கொண்டார். ஒரு பல் டாக்டர் கிளினிக் கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டார். நோயாளி வாயில் பஞ்சோடு நாற்காலியில் முக்கால் மணி நேரம் படுத்திருந்தார். அந்தப் படம் நிறையப் பேரைச் சிரிக்க வைத்தது.

அந்தக் கதவுகளில் உள்பக்கக் குமிழைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியைக் கழற்றியது நான். டீ குடிக்கும்போது மச்சினன்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான்: அது இல்லையென்றால் ஒருமுறை பூட்டும், பிறகு குமிழ் சும்மா சுற்றும், உள்ளிருந்தும் திறக்காது, வெளியிலிருந்தும் திறக்காது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டீச்சர் நன்றிக் கடிதமே எழுதினார்.

அதே போல் மூன்றாவதாக ஒரு கதவு மாட்டிக்கொண்டு நான் கூப்பிட்டபோது, உள்ளூர் சேனல் நிருபர் கொட்டாவி விட்டார். அந்தப் பெண்ணை நாங்கள் 'நேரலை' என்றுதான் கூப்பிடுவோம்.

"இதுவும் கதவா சார்? திறந்தா யாரோ ஒருத்தர் வர்றார், கையைக் குலுக்குறார். பாக்கிறவங்க மனசைத் தொடணும் சார். குடும்பம், பாசம் மாதிரி ஏதாவது இருந்தா கூப்பிடுங்க."

நியாயமான கருத்து. வாடிக்கையாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது தொழிலின் முதல் பாடம்.

அத்தை, அதாவது என் மாமியார், மச்சினனோடுதான் இருந்தார். அந்த வியாழக்கிழமை அவன் கடைக்குக் கிளம்பிய பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகனைப் பற்றி வந்த செய்திகளை எல்லாம் அத்தை வெட்டி ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எல்லாம் நான் எழுதியவை, ஆனாலும் பார்த்தேன்.

"எல்லாம் உங்க புண்ணியம் மாப்பிள்ளை. இவனுக்கு வாயே கிடையாது. நீங்க இல்லன்னா யாருக்குத் தெரியும் இவனை?"

"அதுக்கென்ன அத்தை. உங்க வீட்டுப் பூட்டையும் ஒரு தடவை பாத்துடறேன்."

"பாருங்க. சர்க்கரை எவ்வளவு போடட்டும்?"

"அரை ஸ்பூன் போதும்," என்று குளியலறைக்குள்ளிருந்து சொன்னேன். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. டீ நன்றாக இருந்தது.

அவருக்கு ஆஸ்துமா உண்டு. எனக்குத் தெரியும், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்ஹேலர் சாப்பாட்டு மேசையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். கொஞ்சம் மூச்சு வாங்கினால் படத்தில் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது உண்மைதான். தோன்றுவது குற்றம் என்றால் எங்கள் தொழிலில் ஒருவர்கூட வெளியே இருக்க முடியாது.

அவர் பதினோரு மணிக்குத்தான் குளிப்பார். போனை எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போவார். மகன் வேலையில் இருந்தால் எடுக்க மாட்டான் என்பதால் கடை எண்ணுக்கு அடித்தார். பதினொன்றேகால்.

"மாப்பிள்ளை, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. பாத்ரூம் கதவு திறக்க மாட்டேங்குது. அவன் இருக்கானா?"

"இருக்கான் அத்தை. இதோ கிளம்பிட்டோம்."

கிளம்பும் முன் நேரலைக்குப் போன் செய்தேன். ஒரு மகன் தன் அம்மாவையே மீட்கப் போகிறான் என்றேன். அவருக்குக் கொட்டாவி போய்விட்டது. முப்பத்தைந்து நிமிடத்தில் காமிராவோடு வருவதாகச் சொன்னார். கடையிலிருந்து வீடு எட்டு நிமிடம். சின்னத் தொழில் நடத்துகிறவர்களுக்கு எப்போதும் இதுதான் பிரச்சினை, நேர மேலாண்மை.

வண்டியை நான் ஓட்டினேன். மச்சினன் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பக்கம் ஏன் போறீங்க அத்தான்? பாலத்துக்குக் கீழ போனா உடனே போயிடலாம்."

"அங்க ரோடு தோண்டியிருக்காங்க."

யாரும் தோண்டவில்லை. பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன்.

"டாங்க்ல பாதி இருக்கே."

"பாதி இல்லாமலும் இருக்கே."

அவன் சிரிக்கவில்லை. அம்மாவின் எண்ணை அடித்துக்கொண்டே இருந்தான். "எடுக்க மாட்டேங்கிறாங்க அத்தான். பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பாக்கச் சொல்லட்டுமா?"

"முன்கதவு பூட்டியிருக்கு. அவர் வந்து என்ன பண்ணப் போறார்? போன்ல சார்ஜ் போயிருக்கும்," என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் பருத்த மனிதர். காமிராவுக்கு முன்னால் வந்து நின்றால் வேறு யாரும் தெரிய மாட்டார்கள்.

நாங்கள் போய் இறங்கியபோது நேரலை வாசலில் மைக்கோடு தயாராக இருந்தார். மச்சினன் அவரைப் பார்க்கவே இல்லை. எப்போதும் கம்பி விட்டு நோகாமல் திறக்கிறவன், அன்று தோளால் இடித்து அந்தக் கதவைப் பெயர்த்தான். அத்தை கதவோடு கதவாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் போன் இருந்தது. மச்சினன் அம்மாவின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "அம்மா, கதவு திறந்தாச்சு, பாரும்மா," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நேரலை காமிராவை அணைக்கச் சொல்லிவிட்டு அழுதார். காமிராக்காரர் அணைக்கவில்லை. தொழில் தெரிந்தவர்.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். 'பழைய பூட்டு பறித்த உயிர்: தாயைக் காக்க முடியாத மகனின் வேண்டுகோள்.' ஆறு சேனல்களில் வந்தது. பரிசோதனை கேட்டு இருநூறு பேருக்கு மேல் கூப்பிட்டார்கள். மச்சினனிடம் சொன்னேன். அவன் என்னை ஏதோ புது மனிதனைப் போலப் பார்த்தான். அவனுக்கு விளம்பரம் என்றால் எப்போதுமே கூச்சம்.

மூன்று நாள் கழித்து அவன் குளியலறைத் தரையில் மண்டியிட்டுக் கையால் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்ன தேடறே?"

"குமிழோட ஸ்க்ரூவை. தானா கழண்டு விழுந்தா கீழதானே கிடக்கணும் அத்தான்?"

தண்ணீரோடு போயிருக்கும் என்றேன். அவன் எழுந்து டீச்சர் வீட்டுக்குப் போனான், கிளினிக்குக்குப் போனான். கடைசியில் என் மேசை டிராயரைத் திறந்தான். நாலு திருகாணிகளும் ஒரு சின்ன டப்பாவில் இருந்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு செய்தி. டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக உங்களிடம் வந்துவிட்டான். முதலில் குடும்பத்துக்குள் பேசியிருக்கலாம். நெருக்கடி நேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நேற்று என் மனைவி இங்கே வந்தாள். அழவில்லை, திட்டவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா போனை வைக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன சொன்னாங்க?"

இதில் மறைக்க என்ன இருக்கிறது, சொன்னேன். பேசும்போதே அத்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "அவசரமில்ல மாப்பிள்ளை. பாத்து மெதுவா வாங்க," என்றார்.

மெதுவாகத்தான் போனேன், சார். திருகாணியைக் கழற்றியது, இன்ஹேலரைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்தது, வண்டியை ஊரெல்லாம் சுற்றவிட்டது, எல்லாம் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அத்தை சொன்ன அந்த வரியை மட்டும் வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். குடும்பத்தில் ஒருவராவது என் வேலையைப் புரிந்துகொண்டிருந்தார் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா.