பாவம் பார்த்தேன்

மாலை வகுப்பில் நான் கெட்டிக்காரன் அல்ல, ஐயா. ஆனால் ஒருநாளும் பிந்திப் போனதில்லை. எங்கள் ஆட்களில் பலர் இத்தாலிய மொழியைச் சந்தையில் பொறுக்கிக்கொண்டார்கள். நான் எழுதிப் படித்தேன். எழுதாவிட்டால் எனக்கு எதிலும் நிச்சயம் வராது.

அங்கேதான் ஆசிரியை லோரா 'பெக்காத்தோ' என்ற சொல்லை விளக்கினார். இரங்கும்போதும் அதைத்தான் சொல்வார்களாம். கடவுளுக்கு எதிரான குற்றத்துக்கும் அதுதானாம். எங்கள் மொழியில் 'பாவம்' என்பதும் அப்படித்தான் என்றேன். வகுப்பில் நானாகக் கையுயர்த்தியது அந்த ஒருமுறைதான். ஆகவே என் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கும் நிலக்ஷி அக்காவுக்கு இந்தச் சொல்லில் சிரமம் இருக்காது.

எங்கள் முதலாளியான வக்கீலின் தோட்டம் சியாகுல்லியில், மந்தாரின் ஆரஞ்சு மரங்கள் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நானும் கோபாலசிங்கம் அண்ணையும் அங்கே வேலை செய்தோம். ஞாயிறுகளில் வக்கீல் வில்லோடு வருவார். துப்பாக்கி இறைச்சியைக் கெடுத்துவிடும் என்பார். அண்ணை தடியால் பற்றைகளைத் தட்டிக் கவுதாரிகளைக் கிளப்புவார். அம்பு பட்டு விழுந்ததை எடுத்து வருவது என் வேலை.

அம்பு பெரும்பாலும் கொல்லாது. செட்டையில் படும், காலில் படும். முதல்நாள் துடிக்கும் பறவையோடு நான் விழித்துக்கொண்டு நிற்க, வக்கீல் செய்து காட்டினார். செட்டைகளை உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். கண்ணை மூடினால் அடங்கும். கழுத்தை ஒரே இழுவையில் இழுத்து மடக்க வேண்டும்; தயங்கினால் அதற்குத்தான் நோவு. காயத்தோடு எழும்பி ஓடுவதை மட்டும் விடவே கூடாது. அது எங்காவது பற்றைக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாகும்.

நான் கவனமாகச் செய்தேன். கண்ணை மூட என் கைத்துணியை வைத்திருந்தேன். முடிந்தபின் இறகைத் தடவிவிடுவேன். அண்ணைக்கு அது சிரிப்பு.

"டேய் விதுரன், கழுத்தைத் திருகிப்போட்டு ஏனடா தடவிக் குடுக்கிறாய்? அது என்ன, உன்ரை மச்சாளே?"

"பாவம் அண்ணை."

"ஓம் ஓம். நாளைக்கு நான் விழுந்தாலும் நீ இப்பிடித்தான் பாவம் பாப்பாய்."

இதை அவரே சொன்னார். குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார்த்திகையில், பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி இல்லாதவர்களுக்கு முதலாளி பொறுப்பேற்றால் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். வக்கீல் ஒருவருக்குத்தான் கையெழுத்திடுவேன் என்றார். மூத்தவர் என்று அண்ணையைத் தேர்ந்தெடுத்தார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் இருந்திருக்கலாம். அதை இதோடு சேர்க்கத் தேவையில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு கவுதாரி தாழப் பறந்தது. அம்பு அதைத் தவறி அண்ணையின் தொடையில் ஏறியது. வக்கீல் வெளிறிப்போனார். "இவனைப் பார்த்துக்கொள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொலைபேசிக்காக வீட்டை நோக்கி ஓடினார்.

"உயிர் போகுது தம்பி" என்றார் அண்ணை.

நோவு தாங்காத எவரும் சொல்வதுதான். ஆனால் நான் சொற்களை உள்ளபடி எடுத்துக்கொள்கிறவன்.

கைத்துணியால் அவர் கண்ணை மூடினேன். அடங்கினார், ஏதோ வைத்தியம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். கைகளை உடம்போடு சேர்த்து முழங்காலால் அழுத்திக்கொண்டேன். மனிதக் கழுத்து கவுதாரியின் கழுத்தைப் போல இல்லை, ஐயா. ஒரே இழுவையில் முடியவில்லை. அதற்காக மட்டும் வருந்துகிறேன். பிறகு நெரித்தேன். முடிந்தபின் தலையைத் தடவிவிட்டேன்.

நான் பாவம் பார்த்தேன் என்று எழுதுங்கள். எந்தப் பொருளில் என்பதில் சிலவேளை எனக்கே சந்தேகம் வருகிறது.

காயம் தசையில் மட்டும்தான், தையல் போட்டிருந்தால் நடந்திருப்பார் என்று உங்கள் வைத்தியர் சொன்னாராம். அது எனக்குத் தெரியும். உயிர் போகுது என்று சொன்ன அண்ணை, மந்தாரின் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். "தோளைத் தாடா, மெல்ல நடப்பம்" என்று சிரிக்கவும் பார்த்தார். காயத்தோடு எழும்புவதை விடக் கூடாது. அப்போதுதான் அவரைப் படுக்கவைத்துக் கைத்துணியை எடுத்தேன்.