சித்தையன் அண்ணனின் கால்சட்டையில் ஆறு வீட்டுச் சாவி

மண்டி மொஹல்லாத் தமிழர் மன்றத்தின் மாண்பு காக்கும் தலைவர் நஞ்சுண்டசாமி அவர்களே! பந்தி முடிந்த பின்னும் பறந்தோடாமல் பொறுமை காக்கும் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பர்ஸ் என்று, கைதட்டக்கூடக் கையில்லாமல் தவிக்கும் தாய்மார்களே! ஸ்ரீதேவியின் பணிவான வணக்கம்.

நான் கார்மெண்ட்ஸில் கால்சட்டைக்குப் பாக்கெட் தைப்பவள். நாளொன்றுக்கு அறுநூறு பாக்கெட்! ஆணுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, முழங்காலுக்குப் பக்கத்தில்கூட இரண்டு. எதற்கு? ஒரு சீப்பை வைக்கவா?

பெண்ணுக்கு என்ன வைத்தார்கள்? மடி இருந்தது, முந்தானை முடிச்சு இருந்தது, இடுப்பில் சுருக்குப் பை இருந்தது. சீமைப் பெண்களும் ஒரு காலத்தில் பாவாடைக்குள் பை கட்டித்தான் திரிந்தார்கள். உடை உடம்போடு ஒட்டியது, பை ஓடிப்போனது! நமக்கோ சுடிதார் வந்தது, சுருக்குப் பை போனது, பாக்கெட் மட்டும் வரவே இல்லை.

தசராத் தொண்டர் படைப் பெண்களின் சுடிதாரில் பாக்கெட் வேண்டும் என்பதே இன்று நாங்கள் வைக்கும் தீர்மானம். தலைவரோ, அழகு கெட்டுவிடும் என்று கையெழுத்திட மறுக்கிறார். அழகா? சென்ற மாதம் மாதேஸ்வரன் மலையில் நாங்கள் ஆறு பேர் நின்ற அழகைச் சொல்லட்டுமா?

அங்கே யார், இப்போதே சிரிப்பது? பொறுங்கள்.

தரிசனத்துக்குப் போகுமுன், ஆறு போனையும் ஆறு வீட்டுச் சாவியையும் செயலாளர் சித்தையன் அண்ணனின் பாக்கெட்டுகளில் நிரப்பினோம். அவர் எங்களுக்கு சீட் பிடிக்க முன்கூட்டியே பஸ்ஸில் ஏறினார். பிடித்த சீட்டிலேயே தூங்கியும் போனார். நாங்கள் தரிசனம் முடித்து வருமுன் பஸ் கொள்ளேகாலுக்குக் கிளம்பிவிட்டது!

தேங்காய்க் கடை மல்லம்மா தன் போனைக் கொடுத்தார். யாருக்கும் அண்ணனின் எண் தெரியாது. அவரவர் எண்தான் தெரியும். மாற்றி மாற்றி அடித்தோம். அண்ணன் விழித்தார், வியர்த்தார், எடுக்கவே இல்லை. உங்களுடையதா என்று கண்டக்டர் கேட்டாராம். இல்லை என்றாராம் நம் உத்தமர். போன் திருடன் என்று பஸ்ஸே அவரைச் சூழ்ந்துகொண்டது. கடைசியில் கண்டக்டரே ஒன்றை எடுத்துப் பேசியதால்தான் அண்ணன் தப்பினார், நாங்களும் வீடு சேர்ந்தோம்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அடுத்தவங்க ஊட்டுப் பொம்பளைங்க போனு, நா எப்படிம்மா எடுக்கறது?"

குற்றம் அவருடையதா? இல்லை. ஆனால் அன்று மலையில் எனக்கு அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் பாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுச் சாவியை வைக்க என் உடம்பில் ஓர் இடம் இல்லை! நாம் கேட்பது அலங்காரமா? ஆடம்பரமா? ஓர் உள்ளங்கை அளவு துணி!

மறுநாளே என் சுடிதாரில் நானே பாக்கெட் வைத்தேன். இதோ பாருங்கள், எந்த அழகு கெட்டது?

தலைவர் ஏன் மேசைக்கு அடியில் தேடுகிறார்? ஐயா, தங்கள் புதுப் பட்டுச் சட்டையில் பை வைக்கத் தையல்காரர் மறந்துவிட்டார் என்று, மேடை ஏறும்போது போனை என்னிடம்தானே கொடுத்தீர்கள்? அது என் பாக்கெட்டில் பத்திரமாக இருக்கிறது. நாலு தடவை அடித்துவிட்டது. தங்கள் வீட்டம்மாதான்.

அடுத்தவர் வீட்டு ஆண்பிள்ளை போன், நான் எப்படி எடுப்பது?

தீர்மானம் இதோ, பேனாவும் என் பாக்கெட்டிலேயே இருக்கிறது. கையெழுத்து விழட்டும், போன் கைக்கு வரும்! செவி கொடுத்த உங்களுக்கும், சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கும் தலைவருக்கும் நன்றி, வணக்கம்.