காய்ச்சல் விட்ட நாள்

மொபெட் கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டுகிறது. மழை. ஓட்டுவது என் வீட்டுக்காரர். நடுவில் கவிதா, எங்கள் மூத்தவள், ஒன்பது வயது. பின்னால் நான். அவள் உடம்பு சில்லென்று இருக்கிறது. தலை துவண்டு விழுகிறது. லாரியின் ஏர் ஹாரன் காதைக் கிழிக்கிறது.

"ஒதுங்குங்க, புள்ளைக்கு முடியலீங்க!"

கத்துகிறேன். யாரும் ஒதுங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி அது. நாலைந்து நாள் அனலாய்க் கொதித்தாள். கண்ணுக்குப் பின்னால் வலி என்றாள். கையெல்லாம் சிவப்புப் புள்ளி. அம்மை என்றது வீதி. எங்கள் பக்கம் அம்மை வந்த வீட்டில் ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. நிலையில் வேப்பிலை கட்டினோம். அன்று காலை காய்ச்சல் விட்டது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று மஞ்சள் தண்ணீர் தலைக்கு ஊற்றினேன். சந்தோஷமாக ஊற்றினேன். மத்தியானம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். ஈறில் ரத்தம். விடிந்ததிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடியைத் தேடுகிறார். "அம்மை இல்லீங்க. டெங்கு. காய்ச்சல் எறங்கறப்பத்தான் ஆபத்தே."

சலைன் ஏற்றினார்கள். நாடி திரும்பவில்லை.

அவள் காரியம் முடியுமுன் சின்னவன் செந்திலுக்கு உடம்பு சுட்டது. பக்கத்து வீட்டம்மா வேப்பிலையோடு வாசலில் நிற்கிறார். "வழி உடுங்க!" கத்தினேன். அவர் மேல் கோபமில்லை. பயம்.

ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். பாரசிட்டமால் மட்டும். வேறு வலி மாத்திரை கொடுத்தால் ரத்தம் கசியுமாம். உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகப் புகட்டினேன். ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் கூடவே போய்ப் பார்த்தேன். காய்ச்சல் விட்டது. மற்ற தாய்மார்களுக்கு நிம்மதி வரும் நேரம். நான் அவன் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தேன். வீட்டுக்குக் கூப்பிட்ட மாமியாரிடம் மாட்டேன் என்றேன். அவன் கையை விடவேயில்லை. பிழைத்தான்.

டாக்டரம்மா சொன்னபடி வீடு வந்ததும் தண்ணீர் டிரம்மை எட்டிப் பார்த்தேன். வாரம் ஒருமுறை வரும் நல்ல தண்ணீர். கீழே ஊற்ற மனசு வராமல் சேர்த்து வைத்தது. முழுக்கக் கொசுப்புழு நெளிகிறது. நாங்கள் சாக்கடையைத் திட்டிக்கொண்டிருந்தோம். டெங்கு பரப்பும் இந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். டிரம்மைக் கவிழ்த்தேன். தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்த்தேன். அழுதுகொண்டே தேய்த்தேன். அப்புறம்தான் புகை மருந்து வண்டி தடதடவென்று வீதிக்குள் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எங்கள் வீதியில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். எழுந்தார்கள். எழாதவள் ஒருத்தி. கவிதா. போகும்போது அவளுக்குக் காய்ச்சலே இல்லை.